கிட்டார் நம்ம மாவட்டத்துக்குப் புதிது இல்லை

 

நீளமான பதிவு. போயா லீவில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன வாரம் நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் சூடான வாக்குவாதம் நடந்தது. ஒரு பாடசாலை விழாவில் உயர்தர வகுப்புப் பையன் ஒருவன் கிட்டார் வாசிக்க இருந்தான். ஒத்திகையில் அவன் வாசித்தது மெட்டல் வகைப் பாட்டு. கேட்ட சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நிகழ்ச்சி நிரலிலிருந்து அவன் பெயர் வெட்டுப்பட்டது. எந்தப் பாடசாலை, எந்தப் பையன் என்பது இங்கே தேவையில்லை. அதன் பிறகு குழுவில் வந்த கருத்துகள்தான் என்னை எழுத வைத்தன. "இது பாட்டா, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி" என்றார் ஒருவர். "நம்ம மண்ணுக்குச் சம்பந்தம் இல்லாத வெள்ளைக்காரன் சத்தம்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் குடும்பத்தோட இருந்து கேட்டது, யாரும் குறை சொன்னதில்லை" என்று பெருமூச்சு விட்டிருந்தார்.

முதல் ஆளோடு எனக்கு வழக்கில்லை. தகரம் என்று அவர் காதுக்குப் பட்டால் தகரம்தான். உண்மையைச் சொன்னால், அந்த வகைப் பாட்டில் இரண்டை என்னாலும் முழுதாகக் கேட்க முடியாது. ஆனால் மற்ற இருவரும் சொன்னது ரசனை பற்றியது இல்லை, சரித்திரம் பற்றியது. முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவன் அதைக் கண்டும் காணாமல் போக முடியாது.

முதலில் "நம்ம மண்" விஷயம்.

நிவித்திகலயில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய இரத்தினபுரியில்தான், 1960களின் நடுவில் சில இளைஞர்கள் 'மூன்ஸ்டோன்ஸ்' என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். மாணிக்க நகரத்துக் குழுவுக்குக் கல்லின் பெயர், பொருத்தம்தான். அதில் முக்கியமானவர்கள் இருவர்: கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன. பிறகு இந்திராணி பெரேராவின் குரலும் சேர்ந்தது. கிளாரன்ஸ் 1943இல் ஹப்புத்தளையில் பிறந்தவர். சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். இலங்கை வானொலியில் விஜய கொரயா போன்ற அறிவிப்பாளர்கள் தூக்கிவிட, 'மேங்கோ நந்தா' போன்ற பாட்டுகள் நாடு முழுக்கப் போயின. பின்னர் 'கோல்டன் சைம்ஸ்', 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' என்று குழுவின் பெயர்கள் மாறின. 1996இல் கிளாரன்ஸ் காலமானார்.

இன்றைக்கு நம்ம ஊரில் எந்தச் சிங்கள வீட்டுக் கலியாணத்துக்குப் போனாலும், எந்தப் பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸில் ஏறினாலும், கிளாரன்ஸின் பாட்டு இல்லாமல் முடியாது. அறுபது வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அதைத்தான். அவர் வந்த காலத்தில் நிலைமை வேறு. சிதாரும் தபேலாவும் வயலினும்தான் சங்கீதம், கரண்டில் வாசிக்கிற கிட்டார் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்கள் அன்றைய இசை உலகில் நிறையப் பேர். பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டு வந்தது 1962இல். மூன்று நான்கு வருடத்தில் அந்த அலை இரத்தினபுரி வரைக்கும் வந்து, சிங்களத்தில் பேசத் தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரன் சத்தம் என்றால், அந்தச் சத்தம் சிங்களம் படித்தது நம்ம மாவட்டத்தில்.

இன்னும் பின்னால் போகலாம். பைலாவை எடுங்கள். அதைவிட "நம்ம" பாட்டு இந்த நாட்டில் இருக்கிறதா? அந்தச் சொல்லே போர்த்துக்கீசச் சொல். ஆடுதல் என்று அர்த்தம். 1505இல் வந்த போர்த்துக்கீசரோடும், அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காப்பிரி மக்களோடும் வந்த தாளம் அது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் வாழும் காப்பிரி மக்கள் இன்றும் தங்கள் மஞ்ஞா பாட்டைப் பாடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில் கஃபிரிஞ்ஞா ஆடுகிறார்கள். இதையெல்லாம் சேர்த்து 1940களில் மேடைப் பைலாவாக்கியவர் வோலி பஸ்தியன். அவர் ஒரு பொலிஸ்காரர். படித்த வீடுகளில் பைலா என்றால் சாராயக் கடைப் பாட்டு என்றுதான் நீண்ட காலம் பேச்சு. இன்று கிரிக்கெட் மெட்சில் பப்பரே பேண்ட் ஊதுவது அந்தத் தாளத்தைத்தான். எழுந்து ஆடாதவர் யார்?

இப்போது "அந்தக் காலத்தில் யாரும் குறை சொன்னதில்லை" என்ற கதை. இங்கேதான் சரித்திரம் சுவாரஸ்யமாகிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது 1925 டிசம்பரில். உலகப் போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் கண்டிக்கு வந்தது. அந்தப் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த ஒலிபரப்பி, போர் முடிந்தபின் 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. ஒரு சின்னத் தீவுக்கு ஆசியா முழுவதும் கேட்கிற தொண்டை கிடைத்த மாதிரி. 1950இல் வர்த்தக சேவையும் தொடங்கியது.

அதே நேரம் இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி. வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் பெரிய பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவரது முடிவு. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு போட்டார். தயாரிப்பாளர்களோடு சண்டை வந்து, பாட்டே நின்றுபோகிற நிலை. அந்த வானொலியில் 1940 முதல் ஆர்மோனியத்துக்கும் தடை இருந்தது. 1971 வரைக்கும் அந்தத் தடை நீடித்தது என்றால் நம்புவீர்களா? நாகூர் ஹனிபாவின் கச்சேரியையோ ஒரு கவ்வாலியையோ ஆர்மோனியம் இல்லாமல் நினைத்துப் பாருங்கள்! ஐரோப்பியப் பெட்டி, இந்திய ராகத்தின் கமகம் அதில் வராது என்று காரணம் சொன்னார்கள். இன்று அதைவிட இந்திய வாத்தியம் உண்டா என்று கேட்பார்கள்.

கேஸ்கர் கதவைச் சாத்த, ஜனங்கள் ஜன்னலைத் திறந்தார்கள். அந்த ஜன்னல் கொழும்பு. 1952 டிசம்பரில் 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி இலங்கை வானொலியில் தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி. பற்பசைக் கம்பனி விளம்பரத்துக்காகப் போட்ட நிகழ்ச்சி. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து நாடாவைக் கொழும்புக்கு அனுப்புவார்கள், புதன் இரவு எட்டு மணிக்கு இங்கிருந்து இந்தியா முழுக்கப் போகும். வீதியே வெறிச்சோடும் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். நம்ம தமிழ்ச் சேவையும் அப்படித்தான். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் குரல்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்த ரசிகர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. கடைசியில் இந்திய வானொலி தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே ஒப்புக்கொண்டது. 1957 அக்டோபரில் 'விவித் பாரதி' என்று தனியாக ஒரு பாட்டுச் சேவையைத் தொடங்கினார்கள். அமீன் சயானி 2024இல் காலமானபோது, கேஸ்கர் குப்பை என்று தள்ளிய அதே பாட்டுகளைத்தான் "பொற்காலம்" என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின.

இதை வாசித்துவிட்டு இலங்கை வானொலி தாராள மனசு கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1952இல் கொழும்பில் நடந்த காரியம் இன்னும் கசப்பானது.

சுனில் சாந்த என்றொரு சிங்களப் பாடகர். 1915இல் பிறந்தவர். நம்மைப் போல ஆசிரியராக இருந்தவர். சாந்திநிகேதனிலும் பிறகு லக்னோ பாத்கண்டே கல்லூரியிலும் சங்கீதம் படித்துவிட்டு வந்து, ஹிந்துஸ்தானிய ராகத்தைக் கொப்பி அடிக்காமல், மேல்நாட்டு வாத்தியங்களோடு, எளிமையான, சிங்களப் பேச்சின் ஓசைக்கு ஏற்ற மெட்டுகளைப் போட்டார். 1946இல் வானொலியில் பதிவான அவரது 'ஒளு பிப்பீலா' பெரிய பெயர் எடுத்தது. 1952இல் இலங்கை வானொலி தன் கலைஞர்களைத் தரப்படுத்தத் தீர்மானித்தது. அதற்கு லக்னோவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜங்கரை அழைத்தார்கள். சுனில் சாந்த படித்த அதே கல்லூரியின் தலைவர். வட இந்திய ராகப் பயிற்சிதான் அளவுகோல்.

சுனில் சாந்த போகவில்லை. சிங்களப் பாட்டை வட இந்திய அளவுகோலால் அளக்க விடமாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. பயத்தில் போகாதவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ராகமெல்லாம் அவருக்கும் தெரியும், அதற்குப் பட்டமும் வாங்கியவர். விளைவு, நாட்டிலேயே பெயர் பெற்ற பாடகருக்கு வானொலிக் கதவு மூடிக்கொண்டது. வருமானமும் போனது. பாட்டுக்காரனுக்கு வேறு மேடை அதிகம் இல்லாத காலம் அது. இன்றைக்குச் சிங்களப் பாடசாலை மாணவர்கள் அவர் பாட்டை அழகியல் பாடத்தில் படிக்கிறார்கள்.

நான் ரத்தன்ஜங்கரைத் திட்டவில்லை. பெரிய வித்துவான். கேஸ்கரும் கெட்ட எண்ணத்தில் செய்தவர் இல்லை, நல்ல சங்கீதம் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. அதனால்தான் இந்தக் கதை எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல காதும் நல்ல நோக்கமும் உள்ள மனிதர்கள்தான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர்களை வெட்டினார்கள்.

இனித் தமிழ்ப் பக்கம் வருவோம். 1970க்குப் பிறகு வந்த அரசாங்கம் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்ட காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் வரத்துக் குறைந்தது. உள்ளூர்க் கலைகளுக்குக் கொஞ்சம் காற்று வந்தது. அப்போது உச்சத்துக்குப் போனதுதான் நம்ம தமிழ்ப் பொப்பிசை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்றால் எந்தக் கலியாண வீட்டிலும் கதிரைகள் பின்னுக்குத் தள்ளப்படும். பைலாத் தாளம், யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களச் சொல், கிட்டார், எல்லாம் ஒரே சட்டியில். கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சினிமாப் பாட்டு ரசிகர்களும் இதைக் கோமாளிப் பாட்டு என்றார்கள். ஆனால் 'சுராங்கனி' கடல் தாண்டியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்து மலேசியா வாசுதேவனைப் பாடவைத்தார். வழக்கமாக அங்கிருந்து இங்கே வரும் பாட்டு, அந்தத் தடவை இங்கிருந்து அங்கே போனது. மனோகரனும் இந்தியா போய்ப் படங்களில் நடித்து, 2018இல் சென்னையில் காலமானார். 2021இல் யொஹானியின் 'மெனிகே மகே ஹிதே' இந்தியாவைப் புரட்டிப் போட்டபோது நம்ம பிள்ளைகள் இது முதல் தடவை என்று நினைத்தார்கள். இல்லை மக்காள், உங்கள் உம்மம்மா காலத்திலேயே நடந்த கதை.

நம்ம ஊரில் இதெல்லாம் எப்படிக் கேட்டது?

எனக்கு விவரம் தெரிந்த 70களின் நடுவில், தோட்டத்துக்குப் போகிற வழியில் வாப்பாவுக்கு ஒரு சின்னக் கடை. அதில் ஒரு ரேடியோ. அந்த ஒரு பெட்டியைச் சுற்றி நடந்த அரசியல் பாராளுமன்றத்தில் நடக்காது. இறப்பர் பால் வெட்டிவிட்டு வருகிற தோட்டத்து அண்ணமாருக்கு எம்ஜியார், சிவாஜி பாட்டு வேண்டும், 'பொங்கும் பூம்புனல்' வேண்டும். மாணிக்கக் குழியில் இல்லம் அள்ளிவிட்டுச் சேற்றோடு வருகிற சிங்கள அண்ணமாருக்கு பைலாவும் கிளாரன்ஸும். பாணுக்கு வருகிற மாத்தயா ஒருவர் இருந்தார். அமரதேவ தவிர வேறு யார் பாடினாலும் "வஹன்ன" என்பார், மூடு என்று. வாப்பாவுக்கு முகம்மது ரஃபி. வெள்ளிக்கிழமை காலையில் நாகூர் ஹனிபா. எங்கள் நானாவுக்கு ஆங்கில சேவை, அதுவும் வாப்பா இல்லாத நேரத்தில்.

யார் ரசனை உயர்ந்தது என்று அந்தக் கடையில் நாளுக்கு நாள் சண்டை. ஆனால் முள்ளைத் திருப்புகிற உரிமை முறைவைத்துப் போகும். தேநீருக்குக் காசு கொடுத்தவனுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான் சட்டம். கடைக்காரனுக்கு அதைவிட நல்ல சட்டம் தெரியாது.

ஆனால் அந்த முறையிலும் வராத இசை ஒன்று இருந்தது. தோட்டத்துத் தப்பு. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டதும் தப்புத்தான், காமன் கூத்துக்கும் தப்புத்தான், மரணத்துக்கும் தப்புத்தான். லயத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கும்போது பாடிய பாட்டுகளையும், தாலாட்டையும், ஒப்பாரியையும் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தேடிச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். அவர் செய்திருக்காவிட்டால் பாதி அழிந்திருக்கும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு லயம் லயமாகக் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறினபோது, பாடத் தெரிந்தவர்களும் கூத்தாடத் தெரிந்தவர்களும் அதோடு போனார்கள். நம்ம பாடசாலை மேடைகளில் பரதநாட்டியத்துக்கு இடம் கிடைத்தது, மேல்நாட்டு பேண்டுக்கும் இடம் கிடைத்தது. தப்புக்கு மட்டும் நீண்ட காலம் இடமில்லை. சத்தம் கூடவாம். பிரச்சினை சத்தமா, அதை அடித்த கையா? என் சகோதரர்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும். சிங்களக் குழித் தொழிலாளிகளின் பதல் கவிக்கும் மேடை கிடைக்கப் பல காலம் சென்றது.

நம்ம பக்கத்தையும் சொல்லவேண்டும். இதே மாவட்டத்தில் பலாங்கொடைக்கு அப்பால் ஜெய்லானியில் கந்தூரிக் காலத்தில் பக்கீர் பாவாமார் தஹ்ரா அடித்து ராத்திபு ஓதுவதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பீர்கள். அது கூடுமா கூடாதா என்பது உலமாக்களின் விஷயம், கமெண்டில் அதை ஆரம்பிக்காதீர்கள், தயவு செய்து. நான் சொல்வது, சத்தத்தைப் பற்றிய வழக்கு நமக்குள்ளும் பழையது என்பதை மட்டும். சேலத்தில் பிறந்து இங்கே வந்த முஹிதீன் பேக், 1947இல் 'அசோகமாலா' படத்தில் பாடத் தொடங்கி, சிங்களப் பௌத்த பக்திப் பாடல்களின் குரலாகவே மாறிப்போனார். வெசாக் பந்தலில் இன்றும் கேட்பது அவர் குரல். ஒரு முஸ்லிம் பாடலாமா என்று இந்தப் பக்கமும், ஒரு முஸ்லிம் பாடுவதா என்று அந்தப் பக்கமும் கேட்கக்கூடிய காரியம். அவர் பாடினார். ஜனங்கள் கேட்டார்கள். இங்கிலாந்தில் கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெரிய பாடகர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுப் இஸ்லாம் ஆகி, தன் கிட்டார்களை ஏலத்தில் விற்று தர்மம் செய்தார். பிறகு 2006இல் மறுபடியும் கிட்டாரோடு ஓர் அல்பம் வெளியிட்டார். ஒரே மனிதருக்குள்ளேயே வழக்கு இரண்டு பக்கமும் போயிருக்கிறது. நாம் ஏன் இரண்டு கமெண்டில் தீர்ப்பு எழுதவேண்டும்?

கடைக் கதையை முடிக்கவில்லை. 1981 ஆகஸ்டில் நம்ம மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழ் மக்கள் மீது நடந்ததை இங்கே விவரிக்கத் தேவையில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். 77இலும் 83இலும் அப்படித்தான். லயங்கள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போனார்கள், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வாப்பா தமிழ்ச் சேவையைக் கடையில் சத்தமாக வைக்கவில்லை. முள்ளு முறைவைத்துப் போவது நின்றது. சிங்களப் பாட்டு மட்டும், அதுவும் மெதுவாக. ஒரு பாட்டு யாருடைய பாட்டு என்று கேட்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். பதினைந்து வயது.

பிறகு எல்லாம் வேகம். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம். சவூதி போன நம்மவர்கள் தோளில் கெசட் ரேடியோவோடு வந்து இறங்கினார்கள். 1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி. கெசட் வந்ததும் கடை ரேடியோவின் சண்டை தீர்ந்தது, ஆளுக்கொரு பெட்டி. நன்மைதான். ஆனால் தனக்குப் பிடிக்காத பாட்டைக் கேட்டுப் பழகுகிற வாய்ப்பும் அதோடு போனது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது காதுக்குள் ஒரு சின்னக் குமிழ். பக்கத்தில் இருப்பவன் என்ன கேட்கிறான் என்று தெரியாது. போன தவணை கேட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேரில் கானா, கொரியப் பாட்டு, சிங்கள ரெப், நஷீத், அனிருத், ஒன்றும் கேட்காதவர் இருவர், மெட்டல் ஒரே ஒருவன். ஏடிகே என்ற தினேஷ் கனகரத்தினம் நம்ம நாட்டு ரெப் பாடகர், ஏ. ஆர். ரஹ்மான் இசையில் பாடியவர் என்று சொன்னேன். பாதிப் பேருக்கு என் மேல் திடீரென்று மரியாதை!

கடைசியாக அந்த மெட்டல். பையனுக்காக நானும் தேடி வாசித்தேன்.

அது பிறந்த இடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம். இரும்புத் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் அங்கே தகடு வெட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். வேலையை விட இருந்த கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவன் இடது கைக்காரன். ஆதலால் நரம்பை அழுத்துகிற கை அதுதான். கிட்டார் முடிந்தது என்று எல்லாரும் சொன்னபோது, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்தது. தீயில் கருகிய கையோடு, இரண்டு விரலால் வாசித்தவர் அவர். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். மெல்லிய நரம்புகளைப் போட்டான், பின்னாளில் அவற்றைத் தளர்த்தியும் கட்டினான். ஓசை கனத்து, இருண்டு வந்தது. 1970 பெப்ரவரியில் அவனது குழு பிளாக் சபத் முதல் அல்பத்தை வெளியிட்டது. மெட்டல் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். பத்திரிகை விமர்சகர்கள் அன்று அதைக் கேவலமாக எழுதினார்கள். நம்ம குழுவில் வந்த கருத்துகளுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தேயிலைத் தொழிற்சாலை ரோலரிலும் இறப்பர் மெஷினிலும் விரலைக் கொடுத்த மனிதர்களை நம்ம ஊரில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தகரத்தை இழுத்த மாதிரி என்று எழுதிய சகோதரர் தெரியாமலே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அது தகரத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஓசைதான்.

இலங்கையிலும் அது நேற்று வந்தது இல்லை. கொழும்பில் ஸ்டிக்மாட்டா என்ற குழு 1990களின் இறுதியிலிருந்து மெட்டல் வாசிக்கிறது. ஆங்கிலம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளின் இசை என்ற பெயர் அதற்கு உண்டு, அந்தக் குறையில் உண்மையும் உண்டு. ஆனால் இன்னொரு பெயரைச் சொல்கிறேன். சிங்களத்தில் பி. எல். ஏ. சோமபால, சித்ரா சோமபால என்று ஒரு தம்பதி. வானொலிக் காலத்து மென்மையான ஜோடிப் பாட்டுகளுக்குப் பெயர் போனவர்கள். கடைக்கு வந்த அந்தப் பாண் மாத்தயா கூட மூடச் சொல்லாத பாட்டு. அவர்களின் மகன் சித்ரால் சோமபால ஐரோப்பாவுக்குப் போய் மெட்டல் பாடகரானார். 2005இல் கிரேக்க நாட்டு ஃபயர்விண்ட் குழுவின் அல்பத்தில் பாடியது அவர்தான். ஒரே வீடு, ஒரே இரத்தம், ஒரு தலைமுறை இடைவெளி. அந்த வீட்டில் யார் ரசனை கெட்டுப்போனது என்று யார் தீர்ப்புச் சொல்வது?

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் திரிக்கவேண்டாம். பாடசாலை விழாவுக்கு ஒழுங்கு வேண்டும். வரிகளைப் பார்க்கவேண்டும், சத்தத்தின் அளவைப் பார்க்கவேண்டும், நேரத்தைப் பார்க்கவேண்டும். வரிகளில் ஆபாசம் இருந்தால் அது தமிழ்ச் சினிமாப் பாட்டானாலும் நிறுத்தவேண்டும். (அந்த அளவுகோலைப் போட்டால் நம்ம கலை விழாக்களில் ஆடுகிற குத்துப் பாட்டில் எத்தனை மிஞ்சும்?) அந்தப் பையன் வாசிக்க இருந்தது வரிகளே இல்லாத நாலு நிமிட வாசிப்பு. அதில் எதைக் கண்டு பெயரை வெட்டினோம் என்று நமக்கே ஒரு பதில் வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிவித்திகல, கரவிட்ட, தெல்வல, கலவானப் பக்கத்தில் யாரிடமாவது மூன்ஸ்டோன்ஸ் காலத்துப் பழைய இசைத்தட்டு, அவர்கள் இரத்தினபுரியில் மேடையேறிய படம், நோட்டீஸ் ஏதாவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். தோட்டத்தில் தப்படித்த, காமன் கூத்தில் பாட்டுச் சொன்ன முதியவர்கள் யாராவது இன்னும் இருந்தால் எனக்கு அறிவியுங்கள். போனில் ஒலிப்பதிவு செய்து வைக்க ஆசை. அதற்கு என்னோடு வருவதாக ஒரு பையன் சொல்லியிருக்கிறான். ஒலிப்பதிவு பற்றி நம்ம ஊரில் அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.